மலை ரேஸுக்கு முதல் ரோடு பைக்: எடையா, கியரா?

குன்னூர் புதியவன் | ஜூன் 2, இரவு 9.40

டிசம்பர்ல ஒரு ஹில் கிளைம்ப் ரேஸுக்குப் பேர் கொடுக்கணும்னு இருக்கேன். கைக்கெட்டுற விலையில ரெண்டு சைக்கிள் இருக்கு. ஒண்ணு பழைய கார்பன் ஃபிரேம், 7.8 கிலோ, முன்னாடி 52/36 பல், பின்னாடி 11-25 பல், சக்கர விளிம்பைப் பிடிக்கிற ரிம் பிரேக், ரிம்மும் கார்பன். இன்னொண்ணு புது அலுமினியம், 10.2 கிலோ, ஷிமானோ சோரா 9 ஸ்பீடு கியர், 50/34, 11-34, கேபிள் டிஸ்க் பிரேக். மலைக்கு எடை குறைஞ்சதுதான் சரின்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கும் கார்பன் மேலதான் மனசு. என் எடை 70, உயரம் 168. எது வாங்கலாம்?

கட்டபெட்டு | ஜூன் 3, காலை 6.15

எடையைக் கடைசியில் பார்க்கலாம் தம்பி. முதலில் கியர்.

சோராவில் முன் 34, பின் 34. மிதி ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. 28 மி.மீ. டயர் போட்ட சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.14 மீட்டர். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 10 கி.மீ. சொச்சம். நீங்கள் 70, சைக்கிள் 9, தண்ணீரும் உடுப்பும் 2 என்று 81 கிலோ வைத்துக்கொள்வோம். 8 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு வேண்டியது சுமார் 200 வாட். ஒழுங்காகப் பயிற்சி செய்யும் ஒருவர் எட்டக்கூடியதுதான்.

கார்பன் சைக்கிளில் ஆகச் சின்ன கியர் 36/25. அதே 80 சுற்றுக்கு 14.8 கி.மீ. வேகம், கிட்டத்தட்ட 290 வாட். புதிதாக ஆரம்பிக்கிறவரால் அதைப் பத்து நிமிடம் தாக்குப்பிடிக்க முடியாது. அப்போது சுற்று தானாக 55, 50 என்று இறங்கும். ஒவ்வொரு மிதிக்கும் கால் முழு பலத்தோடு அழுத்தியாக வேண்டும். முதலில் தொடை போகும், அடுத்து முட்டி வலிக்கும், கடைசியில் எழுந்து நின்றே மிதிக்க வேண்டியிருக்கும்.

கல்லட்டி மலைப்பாதைக்கு வாருங்கள். மசினகுடிப் பக்கமிருந்து தலைகுந்தா வரை 36 கொண்டை ஊசி வளைவு, பல இடங்களில் இரட்டை இலக்கச் சரிவு. 10 சதவீதத்தில் 34/34 போட்டு 60 சுற்று மிதித்தால்கூட 180 வாட்டில் ஏறிவிடலாம். 36/25-ல் அதே 180 வாட் என்றால் நிமிடத்துக்கு 42 சுற்றுதான் வரும். அது மாடிப்படி ஏறுவது மாதிரி.

குன்னூர் புதியவன் | ஜூன் 3, காலை 8.02

அண்ணா, கியர் புரிஞ்சுது. ஆனா 2.4 கிலோ வித்தியாசம் சும்மா இல்லையே?

கட்டபெட்டு | ஜூன் 3, மதியம் 1.30

சும்மா இல்லைதான். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறத்தாழ 33 கி.மீ., ஏறும் உயரம் சுமார் 1,450 மீட்டர். 200 வாட்டில் போனால் இரண்டு மணி நேரம் ஆகும். இந்த ஏற்றத்தில் ஒரு கிலோவுக்கு 80 வினாடி கணக்கு வரும். 2.4 கிலோவுக்கு மூன்று நிமிடம் சொச்சம். ரேஸில் மூன்று நிமிடம் பெரிய இடைவெளி, மறுக்கவில்லை.

ஆனால் அந்த மூன்று நிமிடம் கிடைப்பது இரண்டு சைக்கிளிலும் ஒரே 200 வாட் கொடுக்க முடிந்தால்தான். கியர் பொருந்தாமல் கடைசி 10 கிலோமீட்டரில் 200 என்பது 160 ஆனால் கிட்டத்தட்ட எட்டு நிமிடம் போய்விடும். மூன்றை மிச்சம் பிடிக்க எட்டைக் கொடுக்க வேண்டாம்.

செயின் ஆயில் | ஜூன் 4, இரவு 10.20

பழைய கார்பன்னா கண்ணை மூடிட்டு வாங்காதீங்க. நான் பார்க்கிற வரிசை இது.

சீட் போஸ்ட்டை வெளிய எடுக்கச் சொல்லுங்க. வரலைன்னா ஒட்டிப் போச்சுன்னு அர்த்தம், அந்த சைக்கிளை அங்கேயே விட்டுருங்க. ஹெட் டியூபுக்கு (ஃபிரேமோட முன் குழாய்) கீழ, பாட்டம் பிராக்கெட் (மிதி அச்சு இருக்கிற இடம்) சுத்தி, செயின் ஸ்டே (அங்கேர்ந்து பின் சக்கரத்துக்குப் போற குழாய்) உள்பக்கம், இந்த மூணு இடத்தையும் ஈரத்துணியால துடைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. பெயின்ட்ல கோடு தெரிஞ்சா ஒரு ரூபாய்க் காசை வெச்சு மெதுவா தட்டுங்க. நல்ல இடத்துல டக் டக்னு கூர்மையா கேட்கும். உள்ள பிளந்திருந்தா சத்தம் மந்தமாயிடும், பழுத்த பலாவைத் தட்டுற மாதிரி. ஃபோர்க்கைக் கழட்டி ஸ்டீரர் குழாயில ஸ்டெம் (ஹேண்டிலைத் தாங்குற துண்டு) பிடிக்கிற இடத்துல வெட்டு இருக்கான்னு பாருங்க. அதை யாரும் பார்க்கிறதில்ல, உடைஞ்சா முகத்துலதான் விழணும்.

கியர் மாத்துற பின் டிரெய்லியர் தொங்குற ஹேங்கர் துண்டு வளைஞ்சிருக்கான்னு பின்னாடி நின்னு பாருங்க, செங்குத்தா தெரியணும். அந்த ஃபிரேமுக்கான ஹேங்கர் இப்பவும் கிடைக்குதான்னு விசாரிச்சுக்கோங்க. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேற வேற, வெல்டிங் பட்டறையில செய்ய முடியாது. பில்லும் ஃபிரேம் நம்பரும் ஒத்துப்போகணும், இல்லன்னா திருட்டு வண்டியா இருக்கலாம்.

செயின் தேய்மானத்துக்கு ஸ்கேல் போதும். புது செயின்ல 24 கண்ணி சரியா 304.8 மில்லி. 11 ஸ்பீடுல அது 306.3 ஆயிட்டா மாத்தணும். 307 தாண்டினா பின் பல்லடுக்கான கேசட்டும் சேர்த்துப் போயிருக்கும், அந்தக் காசை விலையில குறைக்கச் சொல்லுங்க.

கட்டபெட்டு | ஜூன் 5, காலை 5.50

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்தச் சைக்கிளில் எனக்குப் பயம் ஃபிரேம் மேல் இல்லை, கார்பன் ரிம் மேல்.

81 கிலோ 1,450 மீட்டர் கீழே இறங்குகிறது. அதில் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு மூன்று லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கிற நம்ம ஊர் ரோட்டில் மீதியெல்லாம் இரண்டு ரிம்மில்தான் இறங்கும். அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் பரப்பிக் காற்றில் விட்டுவிடும். கார்பன் அப்படிச் செய்யாது. பிரேக் கட்டை உரசும் இடத்திலேயே சூடு தங்கி, இழைகளைப் பிடித்திருக்கும் பிசின் இளகி, டயர் உட்காரும் விளிம்பு வெளிப்பக்கமாக விரியும். விரலால் தடவினால் ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேடு தட்டினால் அந்த ரிம் இனி மலைக்கு ஆகாது.

கார்பன் ஃபிரேம்தான் வேண்டும் என்றால் அலுமினிய ரிம் சக்கரம் ஒரு ஜோடி வாங்கி மாட்டுங்கள். பிரேக் கட்டையும் கூடவே மாற வேண்டும், கார்பனுக்கான கட்டை வேறு, அலுமினியத்துக்கானது வேறு. ரிம்மின் உள்ளே ஸ்போக் ஓட்டைகளை மூடும் பட்டை துணிப்பட்டையாக இருக்கட்டும். ரப்பர் பட்டை சூட்டில் நகர்ந்துவிடும், டியூப் ஓட்டைக்குள் பிதுங்கி வெடிக்கும். லேட்டெக்ஸ் டியூபும் மெல்லிய பிளாஸ்டிக் டியூபும் ரிம் பிரேக்கோடு இந்த இறக்கத்துக்கு வேண்டாம். சாதாரண பியூட்டைல் டியூப் போதும்.

இதெல்லாம் செய்தால் ரிம் பிரேக்கே தாராளம்.

சிறுமுகை ரோடு | ஜூன் 5, இரவு 7.15

தாராளமா? மழையில? ஜூன்ல கூடலூர், தேவாலா பக்கம் கொட்டும். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் குன்னூர், கோத்தகிரி பக்கம் கொட்டும். தம்பி பயிற்சி பண்ணப்போற மாசம் முழுக்க மழைதான். ஈர ரிம்ல லீவரைப் பிடிச்சதும் ஒண்ணுமே நடக்காது, தண்ணியை வழிச்சு எடுத்த பிறகுதான் கட்டை பிடிக்கும். அதுக்குள்ள வளைவு வந்துரும்.

கட்டபெட்டு | ஜூன் 6, காலை 6.05

சரியான கேள்வி. நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மட்டும் ஓட்டுகிறவருக்கு ரிம் பிரேக் போதும். குன்னூரில் குடியிருந்துகொண்டு வருஷம் முழுக்க ஓட்டப்போகிறவருக்கு டிஸ்க்தான். மழையில் ரோட்டு மண்ணும் சேர்ந்துகொண்டு ரிம்மை உப்புத்தாள் போட்டது போல் அரிக்கும். ரிம்மின் பக்கவாட்டில் ஒரு ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். நடுவில் குழிந்து வெளிச்சம் தெரிந்தால் சக்கரமே மாற வேண்டிய கட்டம்.

டிஸ்க்கிலும் கவனிக்க வேண்டியது உண்டு. கேபிள் டிஸ்க்கில் பெரும்பாலும் ஒரு பக்கத்து பேட், அதாவது பிரேக் கட்டைதான் நகரும். உள்பக்க பேட் தேயத் தேய நாம்தான் திருகித் திருகி ரோட்டர் என்கிற வட்டத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யாமல் கேபிளை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் ரோட்டர் ஒரு பக்கமாக வளைந்து உரசும், லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். "டிஸ்க் பிடிக்கவே இல்லை" என்கிற புகாரில் பாதி இதுதான்.

ஹைட்ராலிக் என்றால் இந்த வேலை இல்லை, தானே சரிசெய்துகொள்ளும், விரல் நோகாது. ஆனால் எண்ணெய் மாற்றத் தெரிந்த கை வேண்டும். ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராமின் பெரும்பாலான ரோடு பிரேக்குக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

புது பேடை மாட்டியதும் நேரே மலை இறங்கக் கூடாது. சமதளத்தில் 25, 30 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, முழுதாக நிற்காமல், இருபது முறை இறக்க வேண்டும். பேடின் மேல் ஒரு படலம் ரோட்டரில் சீராகப் படிந்தால்தான் முழுப் பிடிப்பு வரும். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது ரோட்டரைத் துணியால் மூடுங்கள். ஒரு துளி பட்டாலும் கீச்சென்று கத்தும், பிடிக்காது. அப்புறம் பேடைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

செயின் ஆயில் | ஜூன் 6, இரவு 9.00

ஷிமானோ பேட்ல உரசுற மசாலா 0.5 மில்லிக்குக் கீழ வந்தா மாத்திருங்க. ரோட்டர் 1.5 மில்லிக்குக் கீழ போகக் கூடாது, அதுலயே எழுதியிருக்கும். முன்னாடி 160 மில்லி ரோட்டர் இருக்கான்னு பாருங்க. 140 இருந்தா நீளமான இறக்கத்துக்குப் பத்தாது.

தேயிலைப்பாதை | ஜூன் 8, மாலை 4.45

கியரும் பிரேக்கும் ஆறு நாளா பேசுறீங்க. சைஸ் பத்தி ஒருத்தரும் கேட்கலை. தம்பி, உங்க உயரம் 168, அது தெரிஞ்சு பிரயோஜனம் கம்மி. கால் உள்பக்க அளவு எவ்வளவு? செருப்பில்லாம சுவரோட ஒட்டி நில்லுங்க. கெட்டி அட்டை புஸ்தகம் ஒண்ணை ரெண்டு காலுக்கு நடுவுல, சீட்ல உட்கார்ந்தா அழுத்துற அளவுக்கு மேல ஏத்திப் பிடிங்க. புஸ்தகத்தோட மேல் விளிம்புலேர்ந்து தரை வரைக்கும் அளந்து சொல்லுங்க.

ஒரே 168 உயரத்துல ஒருத்தருக்குக் கால் நீளம், இன்னொருத்தருக்கு முதுகு நீளம். கால் நீளமா இருந்து முதுகு குட்டையா இருந்தா, சீட் சரியா வந்தும் ஹேண்டில்பார் எட்டாது. கழுத்தும் உள்ளங்கையும் மரத்துப்போகும். கடையில "ஸ்டெம் மாத்திக்கலாம்"னு சொல்வாங்க. 20 மில்லி வரைக்கும் மாத்தலாம், அதுக்கு மேல போனா வண்டி திரும்புற விதமே மாறிரும். ஃபிரேமோட ஸ்டாக் (முன்பக்க உயரம்), ரீச் (முன்பக்க எட்டு) எண்ணைக் கேட்டு வாங்கி ரெண்டு வண்டிக்கும் ஒப்பிட்டுப் பாருங்க. எஸ், எம்-னு எழுதியிருக்கிறதை நம்பாதீங்க, ஒரு கம்பெனி எம் இன்னொரு கம்பெனி எஸ்.

நம்ம பொண்ணுங்க யாராவது இதைப் படிச்சா: 155 உயரத்துக்குக் கீழ இருந்தா 165 மில்லி கிராங்க் (பிடல் மாட்டுற கை), 38 சென்டிமீட்டரோ அதுக்குக் கீழயோ ஹேண்டில்பார் அகலம் கேளுங்க. பிரேக் லீவரைக் கைக்குப் பக்கத்துல கொண்டுவர்ற சின்ன திருகு ஒண்ணு ஷிஃப்டர்லயே இருக்கும், அதைத் திருப்பிக்கணும். மலையில இறங்குறப்ப ரெண்டு விரல் லீவரைச் சுத்தி முழுசா வளையலைன்னா பத்து நிமிஷத்துல கை விட்டுப்போகும். சின்ன ஃபிரேம்ல ஹேண்டிலைத் திருப்பினா ஷூ முனை முன் டயர்ல தட்டும். கொண்டை ஊசியில மெதுவா ஏறும்போதுதான் அது நடக்கும். கடையிலேயே சோதிச்சுப் பாருங்க.

குன்னூர் புதியவன் | ஜூன் 9, காலை 7.30

அக்கா, 78 செ.மீ. வருது. மூணு தடவை அளந்தேன்.

தேயிலைப்பாதை | ஜூன் 9, காலை 9.10

78-ஐ 0.883-ஆல பெருக்குங்க, 68.9. கிராங்க் நடுவுலேர்ந்து சீட் மேல் பரப்பு வரைக்கும் அந்த அளவுல ஆரம்பிங்க. முட்டி முன்னாடி வலிச்சா சீட் தாழ்ந்திருக்கு, முட்டி பின்னாடி இழுத்தா உசந்திருக்கு. ஒரு தடவைக்கு 3 மில்லிக்கு மேல மாத்தாதீங்க, மாத்தினா நாலு நாள் ஓட்டிப் பார்த்துட்டு அடுத்தது. சீட் போஸ்ட்ல ஒரு டேப் துண்டு ஒட்டி வெச்சுக்கோங்க, கழட்டினா மறுபடி அளக்க வேணாம்.

சிறுமுகை ரோடு | ஜூன் 14, இரவு 8.40

பேச்சு வேற பக்கம் போகுது, இருந்தாலும் கேட்கிறேன். மேட்டுப்பாளையத்துல காத்து அடிச்சுட்டு ஊட்டி போனா டயர் இறுகும், வெடிக்கும்னு சொல்றாங்களே?

கட்டபெட்டு | ஜூன் 15, காலை 6.20

மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் அப்படி நினைக்கிறார்கள். 325 மீட்டரிலிருந்து 2,240 மீட்டர் போனால் அந்த ஒரு காரணத்தால் பம்பு முள் 3 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், உண்மைதான். ஆனால் கீழே 35 டிகிரி, மேலே 15 டிகிரி. குளிரில் டியூபுக்குள் இருக்கும் காற்று சுருங்கி 6 பி.எஸ்.ஐ. குறையும். கூட்டிக் கழித்தால் 80 அடித்தது 77 ஆகும். வெடிக்காது. டயர் வெடிப்பது இறக்கத்தில், ரிம் சூட்டால்.

28 மி.மீ. டயருக்கு 70 கிலோ ஆள் முன்னால் 70, பின்னால் 75 வைத்து ஆரம்பிக்கலாம். மழை நாளில் இரண்டிலும் 5 குறையுங்கள். 25 மி.மீ.தான் ரேஸுக்கு என்ற பழைய பேச்சை விடுங்கள். நம் ரோட்டின் ஒட்டுப்போட்ட தாருக்கு 28 வேகமாகவும் ஓடும், பஞ்சரும் குறையும். ஃபிரேமில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், டயருக்கு இருபுறமும் 4 மி.மீ. இடைவெளி வேண்டும்.

செயின் ஆயில் | ஜூன் 15, இரவு 10.05

காத்துன்னதும் ஞாபகம் வந்துச்சு. ரோடு பைக் டியூப்ல இருக்கிறது பிரெஸ்டா வால்வு. பர்லியாறுலயோ குஞ்சப்பனையிலயோ நின்னா எந்தப் பஞ்சர் கடை பம்பும் அதுல சேராது, பெட்ரோல் பங்க் காத்தும் சேராது. ஒரு பித்தளை அடாப்டர், சுண்டைக்காய் அளவு, அதை வால்வு மேலயே திருகி வெச்சுருங்க. ரெண்டு டியூப், டயர் லிவர் ரெண்டு, கை பம்பு, அறுந்த செயினை இணைக்க உங்க செயின் ஸ்பீடுக்கான குவிக் லிங்க், 4, 5 மில்லி ஆலன் கீ, டிஸ்க்குக்கு டி25 சாவி, ஃபிரேமுக்கான ஹேங்கர் ஒண்ணு. டியூப் மாத்தும்போது டயர் உள்பக்கம் முழுக்க விரலால மெதுவா தடவிப் பாருங்க. முள்ளு உள்ளேயே இருந்தா ரெண்டாவது டியூபும் போச்சு. அதுக்கப்புறம் பஸ்தான்.

குன்னூர் புதியவன் | ஜூன் 21, மாலை 6.00

பிரெவேல முதல்ல ஓடிப் பார்த்துட்டு ரேஸ் போகலாமா? 200 கி.மீ. ஒண்ணு இருக்காம்.

கட்டபெட்டு | ஜூன் 22, காலை 6.00

பிரெவே ரேஸ் கிடையாது தம்பி, நெடுந்தூர ஓட்டம். 200 கி.மீ.-ஐ 13½ மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதை. உடம்பைப் பழக்க நல்லது, ரேஸ் பழக்கம் அதில் வராது. 2008-ல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரீஸும் அடிப்படையில் பல நாள் பயணம்தான். நேரம் குறிக்கும் போட்டிப் பகுதிகளும் உள்ளே உண்டு, கல்லட்டி ஏற்றம் அதில் பேர்பெற்றது.

ரேஸ் என்றால் நான்கு வகை தெரிந்தால் போதும். தனி ஆளாக நேரத்தோடு ஓடும் டைம் டிரையல். மலை மேல் முடியும் ஹில் கிளைம்ப். எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் ரோடு ரேஸ். சின்ன வட்டத்தைப் பல சுற்று சுற்றும் கிரைட்டீரியம். முதல் ரேஸாக ஹில் கிளைம்ப் எடுத்தது நல்ல முடிவு. 16 கி.மீ. வேகத்தில் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து பெரிய லாபம் இல்லை, கூட்டமாக விழுகிற ஆபத்தும் குறைவு. உங்கள் கால், உங்கள் மூச்சு, அவ்வளவுதான் கணக்கு.

சமதள ரோடு ரேஸ் வேறு உலகம். 40 கி.மீ. வேகத்தில் முன்னவர் சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டி ஓடினால் கால் பங்குக்கு மேல் உழைப்பு மிச்சம். அதற்காகத்தான் எல்லோரும் நெருங்கி ஓடுகிறார்கள். உங்கள் முன் சக்கரம் அடுத்தவர் பின் சக்கரத்தின் பக்கவாட்டில் நுழையவே கூடாது. அவர் அரை அடி ஒதுங்கினாலும் விழுவது நீங்கள்தான், அவர் அல்ல. முன்னவர் சக்கரத்தையே வெறிக்காமல் அவர் தோளுக்கு மேலாக மூன்றாவது ஆளைப் பாருங்கள். பிரேக் பிடிக்காமல் மிதிப்பதைக் குறைத்து வேகத்தைத் தணிக்கப் பழகுங்கள். இதை மலையில் கற்க முடியாது. ஞாயிறு விடிகாலையில் சிறுமுகை, சத்தியமங்கலம் ரோட்டில் நான்கைந்து பேரோடு ஓடுங்கள்.

கைமுட்டியை ஊன்றிக் குனிந்து ஓட்டும் டிரையத்லான் பார் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், கூட்டமாகக் கிளம்பும் ரேஸில் அனுமதி இல்லை. கிளப் நடத்தும் திறந்த போட்டிக்குப் பேர் கொடுத்தால் போதும். மாநில, தேசிய சாம்பியன்ஷிப் என்றால் சைக்கிளிங் சங்கத்தின் வழியாகத்தான் போக வேண்டும், வயதுச் சான்று கேட்பார்கள்.

தேயிலைப்பாதை | ஜூன் 22, இரவு 8.30

இறங்குறதையும் சொல்லிருங்க. ஏறத் தெரிஞ்சவங்க நிறைய பேர், இறங்கத் தெரிஞ்சவங்க கம்மி.

ஹேண்டிலோட வளைஞ்ச கீழ்ப்பகுதியைப் பிடிங்க, லீவருக்கு நல்ல பலம் கிடைக்கும். வளைவுக்கு முன்னாடி நேரா இருக்கும்போதே வேகத்தைக் குறைச்சு முடிச்சிருங்க. முன் பிரேக் கொஞ்சம் கூடுதலா, பின் பிரேக் கூடவே. வளைவுக்குள்ள போனதும் விட்டுருங்க. வெளிப்பக்கக் கால் கீழ, உடம்பு எடை அந்தக் கால் மேல. கண்ணு வளைவு முடியுற இடத்துல. விடாம லேசா பிடிச்சுட்டே இறங்கினா சூடு ஏறிட்டே போகும். கெட்டியா பிடிச்சு விட்டு, பிடிச்சு விட்டு இறங்கினா நடுவுல காத்துல ஆறும்.

மழை பெஞ்ச மறுநாள் சில்வர் ஓக் இலையும் சேறும் வளைவோட உள்பக்கம் சேர்ந்திருக்கும். தேயிலை லாரி சிந்தின டீசல் வானவில் கலர்ல தெரியும். அதுமேல சாயவே கூடாது, நிமிர்ந்து நேரா தாண்டுங்க.

கட்டபெட்டு | ஜூன் 29, காலை 6.10

பயிற்சி. வாரத்துக்கு நான்கு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 20 நிமிடம் உங்களால் தாங்கக்கூடிய உச்சத்தில், சீராக ஏறிப் பாருங்கள். அந்தச் சராசரி வாட்டில் 95 சதவீதத்தை உங்கள் எல்லை என்று எடுக்கலாம். பவர் மீட்டர் இல்லாவிட்டால் ஒரே ஏற்றத்தை ஒரே இடத்தில் தொடங்கி நேரம் குறியுங்கள். கீழே மேட்டுப்பாளையத்தில் எடுத்த எண்ணை ஊட்டியில் எதிர்பார்க்காதீர்கள், மேலே ஆக்ஸிஜன் குறைவு, வாட் குறையும். ஒப்பிட வேண்டுமானால் ஒரே இடம்தான்.

இரண்டு நாள், எல்லைக்குச் சற்றுக் கீழே 20 நிமிடம் இரண்டு முறை, நடுவில் 10 நிமிடம் மெதுவாக. ஒரு நாள் மூன்று, நான்கு மணி நேரம், பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில். ஒரு நாள் ஒரு மணி நேரம் சும்மா சுற்றல். குன்னூரில் நீளமான சமதளம் கிடைக்காது, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம். 34/34 இருந்தால்தான் அந்த மெதுவான நாளே மெதுவான நாளாக அமையும். கியர் இல்லாதவருக்குத் தினமும் கடினப் பயிற்சிதான், ஆறாவது வாரம் உடம்பு சோர்ந்துவிடும். முதல் நாள் கியர் பற்றிச் சொல்லும்போது இதை விட்டுவிட்டேன், ரேஸ் நாளைவிட இதுதான் பெரிய காரணம்.

ரேஸில் முதல் 5 கிலோமீட்டர் எளிதாகத் தோன்ற வேண்டும். அதற்குள்ளேயே மூச்சு வாங்கினால் வேகம் தப்பு. ஒரு மணி நேரத்துக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம். 750 மில்லி பாட்டிலில் 40 கிராம் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, இரண்டு சிட்டிகை உப்பு. இரண்டும் சேர்ந்தால் ஒரு மணி நேரக் கணக்கு முடிந்தது. வர்க்கியும் கடலை மிட்டாயும் ரேஸ் முடிந்த பிறகு. அதில் கொழுப்பு உண்டு, ஏற்றத்தில் வயிறு மந்தமாகும். குளிரில் தாகம் தெரியாது, ஆகவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மிடறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுமுகை ரோடு | ஜூலை 3, இரவு 9.15

ரோடு பத்தி ஒரு வார்த்தை. குஞ்சப்பனைப் பக்கம் பலா பழுக்கிற நேரம் யானை ரோட்டுலயே நிக்கும். கல்லாறு, பர்லியாறும் அப்படித்தான். வெளிச்சம் நல்லா வர்றதுக்கு முன்னாடி அங்க போகாதீங்க, சைக்கிள் சத்தமே போடாது, வளைவு திரும்பினதும் நேருக்கு நேர். தூரத்துலயே நின்னுருங்க, பஸ் வரட்டும், அது பின்னாடி போங்க. தேயிலைக்குள்ள நிக்கிற காட்டெருமையையும் லேசா நினைக்காதீங்க.

மலையில ஏறுற வண்டிக்குத்தான் வழி. அதுக்காக பஸ்காரர் ஹாரன் அடிச்சா பிடிவாதம் பிடிக்காதீங்க, இடது ஓரம் ஒதுங்குங்க. சீசன்ல மேல போற வண்டி குன்னூர் வழி, கீழ வர்ற வண்டி கோத்தகிரி வழின்னு மாத்தி விடுவாங்க. அப்ப கோத்தகிரி ரோட்டுல ஏறினா எதிர்ல வரிசையா வண்டி இறங்கிட்டே இருக்கும். அன்னைக்குப் பயிற்சி வேற இடத்துல. துணைக்கு வெளியூர் கார் வந்தா இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்க, 2024 மே மாசத்துலேர்ந்து அது கட்டாயம். பனிமூட்டத்துக்குப் பின்னாடி சிவப்பு லைட் பகல்லயும் எரியணும்.

குன்னூர் புதியவன் | ஜூலை 19, இரவு 10.30

அலுமினியம் சோராவையே எடுத்துட்டேன். கார்பன் வண்டியைப் போய்ப் பார்த்தேன், சீட் போஸ்ட் கழலவே இல்லை. புது வண்டியில சீட் 68.9-ல வெச்சாச்சு. நேத்து வெலிங்டன் வரைக்கும் போனேன். பெரிய பல்லுக்குப் போகும்போது செயின் தயங்குது, கடகடங்குது. திரும்பக் கடைக்குக் கொண்டுபோகணுமா?

செயின் ஆயில் | ஜூலை 19, இரவு 11.10

வேணாம். புது கேபிள் முதல் வாரம் நீளும், வழக்கம்தான். பின் டிரெய்லியர்ல கேபிள் நுழையுற இடத்துல ஒரு குமிழ் இருக்கும். பின்னாடி நின்னு பார்த்து இடப்பக்கமா, அதாவது எதிர்க் கடிகாரமா, கால் சுத்து திருப்புங்க. மிதிச்சுக்கிட்டே ஒவ்வொரு பல்லா மாத்திப் பாருங்க. இன்னும் தயங்கினா இன்னொரு கால் சுத்து. சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்க ஆரம்பிச்சா திருப்புனது அதிகம், கொஞ்சம் பின்வாங்குங்க. எச், எல்-னு எழுதியிருக்கிற ரெண்டு ஸ்குரூவைத் தொடாதீங்க. எல் தளர்ந்தா 34 பல்லைத் தாண்டி செயின் ஸ்போக்குக்குள்ள போயிரும், ஏத்தத்துல அழுத்தி மிதிக்கிற நேரத்துல.

கட்டபெட்டு | ஜூலை 20, காலை 5.45

பிடல் இரண்டையும் கழற்றிக் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்கள், இல்லையென்றால் மழைக்குப் பிறகு கழலாது. இடது பிடலுக்கு மரை தலைகீழ், எதிர்க் கடிகாரமாகத் திருப்பினால்தான் இறுகும். ஸ்டெம் போல்ட் 5 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டாம், நான்கையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பேட் பழக்க இருபது முறை பிடித்தீர்களா?

குன்னூர் புதியவன் | ஜூலை 20, காலை 7.05

இன்னும் இல்லண்ணா. குமிழ் கால் சுத்துலயே கியர் சரியாயிடுச்சு.

கட்டபெட்டு | ஜூலை 20, காலை 7.20

அப்படியானால் வெலிங்டன் மைதானத்தைச் சுற்றியுள்ள சமதள ரோட்டில் இன்றே முடித்துவிடுங்கள். முன் பிரேக் தனியாக இருபது, பின் பிரேக் தனியாக இருபது. அதற்குப் பிறகு உள்பக்க பேடை ஒரு கிளிக் உள்ளே திருகுங்கள், பழக்கும்போதே சற்றுத் தேய்ந்திருக்கும். அதுவரை பர்லியாறு பக்கம் இறங்க வேண்டாம்.